தாழ்ந்த இமையும் தலைப்புச் சொல்லும்

ஓவியத்திற்கு இடப்படும் தலைப்பும் ஒருவகை மொழிபெயர்ப்பே. கோடுகளில் இல்லாத பொருளையும் அது ஏற்றிவிடக்கூடும். இதற்கு, ஆங்கில ஓவியர் தாந்தே கேப்ரியல் ரோசெட்டி 1850களில் எலிசபெத் சிட்டலை வரைந்த பென்சில் ஓவியங்கள் தக்க சான்றாகும்.

இலண்டனில் தொப்பிக் கடையொன்றில் பணியாற்றிய சிட்டல் (1829–1862), பின்னர் ஓவியர்களுக்கு மாதிரியாக அமர்ந்தார். ஜான் எவரெட் மில்லே 1851–52இல் தீட்டிய ‘ஒஃபீலியா’வில் காணப்படுபவர் அவரே. ரோசெட்டியிடம் அவருடைய உருவங்கள் ஓர் இழுப்பறை நிறைய இருந்ததை ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுன் 1855இல் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். நாற்காலியில் சாய்ந்தும் படித்தும் அமர்ந்துள்ள அவ்வுருவங்கள் பலவற்றில் இமைகள் தாழ்ந்துள்ளன.

இத்தகைய பென்சில் ஓவியங்களுக்குப் பெரும்பாலும் பட்டியலிடுவோரே பின்னர்த் தலைப்பிடுகின்றனர். பென்சில் காட்டுவது இமையை மட்டுமே. அது எண்ணமா, நெடுநேரம் அமர்ந்த சோர்வா, சிட்டலை அடிக்கடி வருத்திய நோயா என்பதைக் கோடு கூறுவதில்லை, சொல் கூறிவிடுகிறது. ‘தியானம்’ என்றால் சமயச் சாயல் சேரும். ‘ஏக்கம்’ என்றால் பிரிவு உட்புகும். ‘சிந்தனை’ என்றால் சிந்திக்கப்படும் பொருள் எதுவென்ற வினா எழும். ‘ரிஃப்ளெக்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் ஆழ்ந்த எண்ணத்தையும் பிரதிபலிப்பையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளமையால், மொழிபெயர்ப்பாளர் ஒன்றை இழந்தே தீரவேண்டும்.

இவ்விழப்பு சிறிதன்று. ரோசெட்டியின் தங்கை கிறிஸ்டினா 1856இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1896இல் வெளியான ‘இன் ஆன் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்டுடியோ’ என்னும் கவிதை, ஓவியங்களிலுள்ள முகம் ஓவியனின் விருப்பத்தின் பிரதிபலிப்பே என்னும் கருத்தை உணர்த்துகிறது. சிட்டலோ தாமே ஓவியரும் கவிஞரும் ஆவார். 1853–54இல் தம்மைத் தாமே தைலவண்ணத்தில் தீட்டினார். அவர் வரைந்த ஓவியங்களை ஜான் ரஸ்கின் 1855இல் விலைக்கு வாங்கினார். எனினும் நெடுங்காலம் அவர் வரையப்பட்டவராகவே அறியப்பட்டார்.

அவருடைய பெயரும் மாற்றத்திற்கு உட்பட்டது. குடும்பப் பெயரின் இறுதியில் இருந்த இரண்டு ‘எல்’ எழுத்துகளில் ஒன்றை ரோசெட்டி நீக்கினார். தமிழில் இரு வடிவங்களும் ‘சிட்டல்’ என்றே அமைவதால், ஒலிபெயர்ப்பு அம்மாற்றத்தின் சுவட்டையே மறைத்துவிடுகிறது. இங்கு அடிக்குறிப்பு இன்றியமையாததாகிறது.

எனவே, ‘சிந்தனையில் ஆழ்ந்த இளம்பெண்’ என்பதினும் ‘இமை தாழ்த்தி அமர்ந்துள்ள எலிசபெத் சிட்டல்’ என்பதே பொருத்தமான தலைப்பு எனலாம். கண்டதைக் கூறி, பெயரைக் காத்து, உள்ளத்தை அவரிடமே விட்டுவிடுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.