கண்ணீரும் செய்தியும்: தென்னாபிரிக்க உண்மை ஆணைக்குழுவும் செய்தியாளர் பயிற்சியும்

1996 ஆம் ஆண்டு ஏப்ரில் 15 ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் ஈஸ்ற் லண்டன் நகர மண்டபத்தில், பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் தலைமையில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தனது முதலாவது பகிரங்க அமர்வைத் தொடங்கிற்று. மறுநாள், 1985 யூனில் பாதுகாப்புப் பொலிஸாராற் கொல்லப்பட்ட ‘கிரடொக் நால்வருள்’ ஒருவரான போர்ட் கலாட்டாவின் மனைவி நொமொண்டே சாட்சியமளிக்கையில், இடைநடுவே உடலைப் பின்னே சாய்த்து ஓலமிட்டார். தலையிற் செவிப்பொறி அணிந்து உரைபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்தோருக்கு அக்கணத்தில் எச்சொல்லும் வரவில்லை. ஓலத்திற்கு மொழிபெயர்ப்பு ஏது? அமர்வு சற்று இடைநிறுத்தப்பட்டது. ஆயினும் வானொலிச் செய்திகளின் வழியே அவ்வோலம் நாடெங்கும் கேட்டது.

அதனை ஒலிபரப்பியது தகுமா, தகாதா என்ற வினா எளிதன்று. ஒரு பெண்ணின் தனித்துயரைப் பொதுவிற் பரப்பியமை முறைகேடு எனலாம். பதினொரு ஆண்டுகளாகக் கேட்க மறுத்த செவிகளில் அது விழுந்தே ஆகவேண்டும் எனவுங் கூறலாம். நிலைமாறுகால நீதியைச் செய்தியாக்குவோருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தில் வேரூன்றியமைக்கு இவ்வகை வினாக்களே காரணமாயின. தென்னாபிரிக்கச் செய்தியாளர் அதனைப் பெரும்பாலும் தொழிலினூடேயே கற்றனர். கற்றதற்கு விலையும் கொடுத்தனர்.

அவர்கள் எத்தகைய மரபிலிருந்து வந்தனர் என்பதை நோக்குதல் அவசியம். 1936 இல் நிறுவப்பட்ட தென்னாபிரிக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இனவொதுக்கல் ஆட்சிக் காலத்தில் அரசின் குரலாகவே இருந்தது. தொலைக்காட்சியை 1976 வரை அவ்வரசு நாட்டினுள் அனுமதிக்கவேயில்லை. ஆபிரிக்கான்ஸ் மொழிப் பத்திரிகைகளின் நிலை இன்னும் நெருக்கமானது. ‘டீ பேர்கர்’ பத்திரிகையின் முதலாவது ஆசிரியரான டி. எவ். மலானே 1948 இல் இனவொதுக்கலை அரச கொள்கையாக்கிய பிரதமரானார். பத்திரிகைக்கும் ஆட்சிக்கும் இடையிற் கதவே இருக்கவில்லை எனின் மிகையாகாது. மறுபுறத்தே, 1976 யூன் 16 ஆம் திகதி சொவெட்டோ மாணவர் எழுச்சியில் உயிரிழந்த ஹெக்டர் பீற்றர்சன் என்ற சிறுவனின் படத்தை வெளியிட்ட ‘த வேர்ல்ட்’ பத்திரிகை 1977 ஒக்டோபர் 19 ஆம் திகதி தடைசெய்யப்பட்டது. அதன் ஆசிரியர் பேர்சி கொபோசா சிறையிடப்பட்டார். ஆகவே 1996 இல் ஆணைக்குழுவின் முன் ஒரே வரிசையில் அமர்ந்த நிருபர்களுள், பொலிஸாரின் அறிக்கையையே செய்தியென எழுதப் பழகியோரும் இருந்தனர். செய்தி எழுதியமைக்காகப் பொலிஸாரிடம் அடிவாங்கிய தலைமுறையினரும் இருந்தனர்.

இவ்விரு பிரிவிலும் முற்றாக அடங்காத ஒருவர் மக்ஸ் டு பிரீஸ். 1988 இல் அவர் தொடங்கிய ‘விரய வீக்பிளட்’, ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே இனவொதுக்கலை எதிர்த்த வாரப் பத்திரிகையாகும். அரசியல் எதிரிகளைக் கொல்லப் பொலிஸ் கொலைக்குழு இயங்கியமையை, அதன் முன்னாள் தளபதி டேர்க் குற்சேயின் வாய்மொழியாகவே 1989 நவம்பரில் அது வெளிக்கொணர்ந்தது. வழக்குச் செலவுகளால் நலிந்து 1994 இல் அப்பத்திரிகை நின்றுபோயிற்று. ஆயினும் அதன் ஆசிரியரே, 1996 ஏப்ரில் முதல் 1998 மார்ச் வரை ஞாயிறுதோறும் அரச தொலைக்காட்சியில் ஆணைக்குழு பற்றிய சிறப்பு நிகழ்ச்சியை நடத்தினார். வானொலிக் குழுவிற்குக் கவிஞர் அன்ற்ஜி குரொக் தலைமை தாங்கினார். அவரும் ஆபிரிக்கானர் குடும்பத்திற் பிறந்தவரே.

இக்குழுவினர் கற்கவேண்டியிருந்தவற்றுள் முதன்மையானது சட்டம். 1995 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் ஆணைக்குழுவிற்குப் பொதுமன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை அளித்தது. செயல் அரசியல் நோக்குடையதாக இருத்தல் வேண்டும். உண்மை முழுவதும் கூறப்படல் வேண்டும். மன்னிப்புக் கோருவோர் மனம் வருந்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் எங்குமில்லை. இதனை அறியாது எழுதும் நிருபர், கண்ணீர் விடாத குற்றவாளிக்கு மன்னிப்புக் கிடைத்ததும் ‘அநீதி’ எனத் தலைப்பிடுவார். தீர்ப்பு அநீதியாக இருக்கலாம். ஆனால் அது சட்டத்தின் அநீதியா, குழுவின் அநீதியா என்பதை வாசகர் அறிதல் வேண்டுமல்லவா? பெயர் குறிப்பிடும் உரிமை மற்றொன்று. குற்றஞ்சாட்டப்படுவோருக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டுமென ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரிகள் இருவர் நீதிமன்றை நாடினர். அதனால் ஈஸ்ற் லண்டனிற் பேசக் காத்திருந்த தாயொருவர் தம் மகனுக்கு நேர்ந்ததைக் கூற முடியாது தடுக்கப்பட்டார். சில மாதங்களின் பின் போட் எலிசபெத் நகரிலேயே அவர் பேசினார். 1997 இல் மேன்முறையீட்டு நீதிமன்று அதிகாரிகளின் சார்பிலேயே தீர்ப்பளித்தது. துயருற்றோர் பக்கம் மனம் சாய்ந்த நிருபருக்கு இத்தீர்ப்பு கசந்திருக்கும். ஆயினும் விசாரணையின்றிப் பெயர்கள் தூற்றப்பட்ட ஒரு நாட்டிற்கு அது வேண்டாத தீர்ப்பு எனக் கூறிவிட முடியாது.

இரண்டாவது மொழி. சாட்சிகள் தத்தம் மொழியிற் பேசினர். உரைபெயர்ப்பாளர் ‘அவர் கூறுகிறார்’ என்னாது, ‘நான்’ என்றே தன்மையில் மொழிபெயர்த்தனர். நாள்தோறும் பிறர் வதையைத் தம் வாயால் ‘நான்’ எனச் சொன்ன அவர்களும், அதனைக் கேட்டெழுதிய நிருபர்களும் உளத்தால் நோயுற்றனர். நிருபர் கல்நெஞ்சர் என்ற பழைய தொழிற்பெருமை அங்கு உடைந்தது. அது உடைந்தது நன்றே.

1997 யூலையில் நிகழ்ந்ததொன்றை ஈண்டு குறிப்பிடல் வேண்டும். பொலிஸ் அதிகாரி ஜெப்ரி பென்சீன், ஈரத்துணிப்பை கொண்டு மூச்சடைத்து வதைத்த முறையை மன்னிப்புக் குழுவின் முன் நடித்துக் காட்டினார். அவ்வாறு காட்டும்படி கேட்டவர் அவரால் வதைக்கப்பட்டு, அப்போது பாராளுமன்ற உறுப்பினராயிருந்த ரொனி யெங்கெனி. அப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஆனால் அதே அமர்வில் பென்சீன், யெங்கெனி வதையின் கீழ் விரைவில் இணங்கித் தகவல் கொடுத்ததை நினைவூட்டியபோது, கேள்வி கேட்டவரே மீண்டும் சிறுமைப்படுத்தப்பட்டார். படம் வதையின் முறையைக் காட்டியது. வதைத்தவனின் பிடி இன்னும் தளரவில்லை என்பதைக் காட்டச் சொற்களே தேவைப்பட்டன. அச்சொற்களுக்கு இடமளித்த நிருபரே தொழிலறிந்தவர்.

1997 செப்டெம்பரில் செய்தித்துறையே விசாரணைக்குட்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் தாம் ஆட்சியை எதிர்த்தமையை எடுத்துரைத்தன. கறுப்பினச் செய்தியாளரோ அதே அலுவலகங்களிற் தாம் நடத்தப்பட்ட விதத்தை எடுத்துரைத்தனர். பொலிஸாரின் உளவாளியாகப் பத்திரிகை அலுவலகங்களில் ஆண்டுக்கணக்காகப் பணியாற்றியோரின் கதையும் வெளிவந்தது. பெரும் ஆபிரிக்கான்ஸ் நிறுவனமான நஸ்பேர்ஸ் சமர்ப்பணம் எதனையும் செய்ய மறுத்தது. ஆனால் அதன் செய்தியாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் தனிப்பட்ட முறையிற் கையொப்பமிட்டுத் தம் தவறை ஏற்றனர். நிறுவனம் வாய்மூடியிருக்க ஊழியர் பேசியமை, அவ்வாணைக்குழுவின் வரலாற்றில் போதிய கவனம் பெறாத நிகழ்வாகும்.

எனினும் இச்செய்தியாளர்களின் சாதனையிலேயே ஒரு பெருங்குறையும் அடங்கியுள்ளது. 21,000 க்கு மேற்பட்ட வாக்குமூலங்களுள் ஏறத்தாழ 2,000 மாத்திரமே பகிரங்கமாகக் கேட்கப்பட்டன. செய்தி அவற்றுள்ளும் கண்ணீரையும் குருதியையுமே தேடிற்று. கடவுச்சீட்டுச் சட்டங்களாற் கைதானோர், வாழிடங்களிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட இலட்சக்கணக்கானோர் ஆகியோரின் இழப்பு எந்த மாலைச் செய்திக்கும் பொருந்தவில்லை. ஆணைக்குழு கொடுமையைச் சில கொடியவருக்கும் சில பலியானோருக்கும் இடைப்பட்டதாகச் சுருக்கிற்று என மஹ்மூத் மம்டானி கூறிய குற்றச்சாட்டு, அதனைச் செய்தியாக்கியோருக்கும் பொருந்தும். ஆணைக்குழு என்ற சொல்லுக்குப் பழகிப்போன இலங்கை வாசகருக்கு இது விளங்காததன்று.

பின்வந்த முயற்சிகள் இவ்வனுபவத்தின் மேல் எழுந்தன. 2007 இல் ஹேக் நகரில் லைபீரியாவின் முன்னாள் சனாதிபதி சார்ள்ஸ் ரெயிலரின் வழக்குத் தொடங்கியபோது, லைபீரிய, சியரா லியோன் செய்தியாளருக்குப் பிபிசி உலகசேவை அறக்கட்டளை பயிற்சியளித்தது. ருவாண்டாவில் நிலைமை மேலும் கடினமானது. அந்நாட்டுச் செய்தியாளரே குற்றவாளிக் கூண்டில் நின்றனர். இனப்படுகொலையைத் தூண்டிய வானொலியையும் பத்திரிகையையும் நடத்திய மூவருக்கு எதிராக 2003 டிசெம்பரில் தீர்ப்பளிக்கப்பட்டது.

கிரடொக் நால்வரின் கொலைக்கு மன்னிப்புக் கோரிய பொலிஸாருக்கு 1999 இல் அது மறுக்கப்பட்டது. அவர்கள் மீது வழக்கும் தொடரப்படவில்லை. வழக்கைக் காணாமலே அவர்கள் இறந்தனர். 2025 யூனில், முன்பு போட் எலிசபெத் எனப்பட்ட கெபேஹா நகரில், அக்கொலைகள் பற்றிய மூன்றாவது மரண விசாரணை தொடங்கியது. நால்வரின் குடும்பத்தினரும் மீண்டும் நீதிமன்றில் வந்தமர்ந்தனர். நிருபர்களும் மீண்டும் குறிப்பேடுகளைத் திறந்தனர்.