எபிசோட் 41: பில் யாருக்குப் போச்சு? ஆம்பூர் தோல் தொழிலின் கதை

போன எபிசோடுக்கு வந்த மெயில்கள்ல ஒரு கேள்வி நாலஞ்சு தடவை வந்திருந்தது. "ஒரு தொழில் ஒரு ஊர்ல மட்டும் ஏன் இவ்வளவு நல்லா வளருது? பக்கத்து ஊர்ல ஏன் வளரல?" சென்னை, பெங்களூரு பத்திக் கேட்டா நம்ம எல்லார்கிட்டயும் ஒரு ரெடி பதில் இருக்கும்: காலேஜ், ஏர்போர்ட், முதலீடு. அதனால அந்த ரெண்டு ஊரையும் விட்டுட்டு, நடுவுல இருக்கிற ஒரு பகுதியை எடுத்துக்கிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றுப் பள்ளத்தாக்குத் தோல் பெல்ட். 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூணாகப் பிரிச்ச பிறகு, இந்த ஊர்கள் மூணு மாவட்டத்துல இருக்கு. தொழில் மட்டும் ஒண்ணுதான்.

முதல்லயே சொல்லிடறேன், இது எனக்கு வெளியூர்க் கதை இல்லை. எங்க அம்மாவோட ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல, ஆத்தோரம். சித்தி பதினெட்டு வருஷமா ஒரு ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறாங்க. காலையில கம்பெனி பஸ்ல போயிட்டு சாயங்காலம் வருவாங்க. அந்தச் சம்பளத்துலதான் அவங்க பசங்க ரெண்டு பேரும் படிச்சாங்க. அதே வீட்டுல தாத்தாவுக்கு ஒரு கிணறு இருக்கு. நான் சின்னப் பையனா இருக்கும்போதே அந்தத் தண்ணியை வாயில வைக்க முடியாது, உப்புக் கரிக்கும். தென்னை காய்ப்பு குறைஞ்சு, அப்புறம் மட்டையும் காய்ஞ்சுது. சம்பளம் வந்ததும் தோலால, கிணறு கெட்டதும் தோலால. இந்த ரெண்டையும் ஒரே கணக்குல எப்படி எழுதறதுங்கிறதுதான் இந்த எபிசோட்.

ஏன் இங்க?

தோல் பதனிட மூணு பொருள் வேணும்: தோல், தண்ணி, பட்டை. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்புப் போட்டு வைப்பாங்க. அப்புறம் ஊறவைச்சு, சுண்ணாம்புல போட்டு முடி எடுத்து, ஆவாரம்பட்டைச் சாறுலயும் கடுக்காய்லயும் பதப்படுத்துவாங்க. ஆவாரை இந்த வறண்ட நிலத்துல தானா வளர்ற செடி. தண்ணிக்குப் பாலாறு. மேல பாத்தா மணல்தான் தெரியும், ஆனா மணலுக்கு அடியில நல்ல ஊத்து இருந்தது.

நாலாவதா ஒண்ணு இருக்கு, அது ரயில். தென்னிந்தியாவோட முதல் ரயில் பாதை 1856-ல் திறந்தது. ராயபுரத்துல கிளம்பி அது எங்க போய் நின்னுது தெரியுமா? ராணிப்பேட்டை பக்கத்துல இருக்கிற வாலாஜா ரோடு! அடுத்த சில வருஷங்கள்ல பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியா ஜோலார்பேட்டையைத் தாண்டிப் போச்சு. இங்க பதனிட்ட தோல் சென்னைக்கு வந்து, பெரியமேட்டுல கைமாறி, கப்பல் ஏறி இங்கிலாந்து போச்சு. 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்'ங்கிறது அந்தச் சரக்கோட பேர். முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு இந்தத் தோலை அரசாங்கமே வாங்கிக்கிச்சு.

ஆனா தண்ணி, பட்டை, ரயில் மூணும் இருந்த வேற ஊர்களும் இருந்தது. இங்க கூடுதலா இருந்தது மனுஷங்களுக்குள்ள இருந்த பின்னல். தோல் ஷாப்பு வச்சிருந்தவங்க பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள். ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், ஒரே ஜமாஅத், பெரியமேட்டுல ஒரே கமிஷன் மண்டி. வாய்வார்த்தைக்குக் கடன் கிடைக்கும். சம்பாதிச்ச பணத்துல ஒரு பகுதி படிப்புக்கும் போச்சு: வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் வந்தது, மேல்விஷாரத்துல தோல் வியாபாரி சி. அப்துல் ஹக்கீம் பேர்ல 1965-ல் ஒரு கல்லூரி வந்தது. சுண்ணாம்புக் குழியில இறங்கி வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க தலித் மக்கள். தோலைக் கையால தொட்டுப் பாத்தே பதம் சொல்ற அறிவு அவங்ககிட்ட இருந்தது. அந்த அறிவுக்கு முதலாளி ஆகற வழி மட்டும் அவங்களுக்குத் திறக்கல.

ஆல்பிரெட் மார்ஷல்னு ஒரு பொருளாதார அறிஞர். ஒரே தொழில் ஒரே இடத்துல ரொம்ப நாள் இருந்தா, அதோட ரகசியங்கள் ஊர்க் காத்துலயே கலந்துடும், பசங்க தானாவே கத்துக்குவாங்கன்னு 1890-லயே எழுதினார். ஆம்பூர்ல டீக்கடையில நின்னா இன்னைக்கும் அது புரியும்.

1973: கதவை மூடின வருஷம்

இவ்வளவு இருந்தும் 1970 வரைக்கும் இந்த பெல்ட் வித்தது பாதி வேலை முடிஞ்ச சரக்குதான். தோலை இங்க பதனிடுவோம். சாயம் போட்டு, பளபளப்பாக்கி, ஷூவாகத் தைச்சு லாபம் பாக்கிறது ஐரோப்பா. நம்ம பாஷையில சொன்னா, கோட் எழுதறது நாம, ப்ராடக்ட் அவங்களோடது.

1972-ல் சீதாராமையா கமிட்டி, இந்த நிலைமையை மாத்தணும்னு சொன்னது. 1973-லிருந்து மத்திய அரசு, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அளவு வச்சுக் கட்டுப்படுத்த ஆரம்பிச்சது. 'முழுசா முடிச்ச தோலாவோ, பொருளாவோ அனுப்பு'ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். தொழிலே செத்துடும்னு எதிர்ப்பு பலமா இருந்தது. அந்த பயத்துலயும் நியாயம் இருந்தது. புது மெஷின் வாங்க எல்லார்கிட்டயும் பணம் இல்லை. சின்ன ஷாப்புகள்ல பல மூடினாங்க, பல பேர் பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யற இடமா மாறினாங்க.

பிழைச்சவங்களுக்குக் கை கொடுத்தது அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், சி.எல்.ஆர்.ஐ. 1948-ல் ஆரம்பிச்சது. 1958-ல் இயக்குநரான ஒய். நாயுடம்மா, ஆராய்ச்சியை லேபுக்குள்ள பூட்டி வைக்காம ஷாப்பு வாசலுக்குக் கொண்டு போகணும்னு நினைச்சவர். 1985-ல் கனிஷ்கா விமான குண்டுவெடிப்புல இறந்து போனார். அந்த வளாகத்துல ஆராய்ச்சியும் நடந்தது, பல்கலைக்கழகத்தோட சேர்ந்து தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் நடந்தது. அப்பா காலத்துல ஆவாரம்பட்டை, பையன் காலத்துல பி.டெக். முதல்ல முடிச்ச தோல், அப்புறம் ஷூவோட மேல்பகுதியான அப்பர், அப்புறம் முழு ஷூன்னு ஆம்பூர் படியேறிச்சு. தையலுக்குப் பெண்கள் ஆயிரக்கணக்குல வந்தாங்க. எங்க சித்தி மாதிரி.

ஜெர்மனியிலிருந்து வந்த தடை

அடுத்த அடி 1989 டிசம்பர்ல. தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்கப் போடற பென்டாகுளோரோஃபீனாலை ஜெர்மனி தடை பண்ணிச்சு. ஒரு கிலோ தோல்ல 5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா சரக்கை விக்க முடியாது. ஜெர்மனி நமக்குப் பெரிய மார்க்கெட். சி.எல்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு உதவியது, மாற்று ரசாயனங்கள் வந்தது, தொழில் மாறிக்கிச்சு. 1994-ல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தப்ப அதையும் சமாளிச்சாங்க.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 1973-லயும் 1989-லயும் நடந்தது ஒரே விஷயம். வெளியிலிருந்து ஒரு விதி வந்தது. அதை மீறினா நஷ்டம் உடனே, கையில, ரூபாய்ல தெரிஞ்சது. சில வருஷத்துல பெல்ட் மாறிடுச்சு. பின்னல் இருந்ததால ஒருத்தர் கண்டுபிடிச்ச வழி பக்கத்து ஷாப்புக்குச் சீக்கிரம் போச்சு. புதுமைங்கிறது இங்க பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கு.

அப்படின்னா கேள்வி: ஜெர்மன்காரர் காலுக்கு வந்த ஆபத்தை இவ்வளவு வேகமா சரி பண்ணின தொழில், தாத்தா கிணத்தை ஏன் சரி பண்ணல?

ஆத்துக்கு யார் பில் போட்டது?

ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 30-லிருந்து 40 லிட்டர் தண்ணி ஆகும். தோலைக் காப்பாத்தப் போட்ட உப்புல பெரும்பகுதி முதல் ஊறல்லயே வெளிய வந்துடும். அதோட சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமியம். ஆவாரம்பட்டைக்கு வாரக்கணக்குல ஆகற வேலையை குரோமியம் ஓரிரு நாள்ல முடிக்கும். அதனால உற்பத்தி பல மடங்கு ஏறிச்சு, கழிவும் ஏறிச்சு. அது போன இடம் பாலாறு. 1973 விதி ஏற்றுமதியைப் பாத்துச்சு, ஆத்தைப் பாக்கல. ஜெர்மனி ஷூவைப் பாத்துச்சு, கிணத்தைப் பாக்கல. சாஃப்ட்வேர்ல டெக்னிக்கல் டெட்னு சொல்வோமே, இன்னைக்கு வேகமா முடிக்கிறதுக்காக நாளைக்குத் தள்ளி வைக்கிற கடன். இங்க கடன் வாங்கினவர் ஒருத்தர், வட்டி கட்டினவர் இன்னொருத்தர்.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. தோல் ஷாப்புகள் இருக்கிற பகுதிகள்ல சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ பாழாகிடுச்சுன்னு ஒரு வேளாண் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு பதிவு பண்ணியிருக்கு. மாசு படுத்தறவரே செலவை ஏத்துக்கணும், ஆபத்துன்னு தெரிஞ்சா முன்கூட்டியே தடுக்கணும். இந்த ரெண்டு கொள்கையும் இந்தியச் சட்டத்தோட பகுதின்னு சொன்ன தீர்ப்பு இதுதான். சட்டம் படிக்கிறவங்க நாடு முழுக்க இதைப் படிக்கிறாங்க. 'வேலூர் கேஸ்'னுதான் சொல்வாங்க.

வழக்கு கழுத்துல கத்தி மாதிரி வந்ததும் பெல்ட் மறுபடி அசைஞ்சது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில தோல் முதலாளிகள் பங்கு போட்டு, அரசு மானியத்தோட பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நடத்தினாங்க. லோரேன் கென்னடிங்கிற ஆய்வாளர் 1999-ல் இதைப் பத்தி எழுதினாங்க. தொழில்ல போட்டி போடறவங்க இதுல மட்டும் எப்படிச் சேர்ந்தாங்கன்னா, முன்னாடியே இருந்த அந்த சமூகப் பின்னல் பெரிய காரணம். பிறகு கழிவுநீரை வெளியவே விடக் கூடாதுங்கிற விதி வந்தது. சவ்வு வழியா வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வச்சு ஆவியாக்கற அளவுக்குப் போனாங்க. இதெல்லாம் நிஜமான முன்னேற்றம். சும்மா சொல்லல.

ஆனா பழைய கடன்? 2001-ல் இழப்பீட்டு ஆணையம் கணக்குப் போட்டது. பாதிக்கப்பட்டவங்க 29,193 பேர், இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். நான் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். ஒரு ஆளுக்கு சராசரி 9,200 ரூபாய்கூட இல்லை. ஒரு கிணறு, ஒரு தென்னந்தோப்பு, ஒரு தலைமுறை விவசாயம், எல்லாத்துக்கும் சேர்த்து. சுத்திகரிச்சு மிஞ்சற உப்பும் கசடும் எங்க போகும்ங்கிறதும் முடியாத கதை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தோட கசடுத் தொட்டி இடிஞ்சு, பக்கத்து ஷாப்புல தூங்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துலிருந்து வேலைக்கு வந்தவங்க. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பத்தித் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது: இழப்பீட்டைக் கொடு, மாசு பண்ணினவங்ககிட்ட வசூல் பண்ணு, ஆத்தை மீட்கக் குழு போடு, நாங்க தொடர்ந்து கண்காணிப்போம்னு. முதல் தீர்ப்புக்கும் இதுக்கும் நடுவுல 28 வருஷம். என் வயசு.

இனி?

2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டப்ப, சித்தி போன்ல கேட்ட முதல் கேள்வி: "ஆர்டர் குறைஞ்சா எங்களைத்தானே முதல்ல நிறுத்துவாங்க?" இன்னொரு பக்கம், தமிழ்நாடு அரசு 2022-ல் காலணிக் கொள்கை கொண்டு வந்தது. அதுல தோல் இல்லாத ஷூவுக்கும் இடம் இருக்கு. தைவான் கம்பெனிகள் வருது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல ஹாங் ஃபூ கம்பெனிக்கு 2024 டிசம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. பாலாற்றங்கரையில தையல் தெரிஞ்ச கைகள் இருக்குங்கிறதும் அவங்க கணக்குல நிச்சயம் இருக்கும். அந்தக் கைகளைத் தயார் பண்ணினது 150 வருஷத் தோல் வரலாறு.

மெயில் போட்டவங்களுக்கு என் பதில் இது. ஒரு பகுதி ஜெயிக்கிறதுக்குத் தண்ணியும் ரயிலும் ஆராய்ச்சி நிலையமும் வேணும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுக்கிற பின்னலும் வேணும். இது எல்லாம் ஆம்பூர்ல இருந்தது. ஆனா அந்தத் திறமை எந்தப் பக்கம் ஓடும்ங்கிறதை பில்தான் முடிவு பண்ணிச்சு. பில் வந்த இடத்துல பத்து வருஷத்துக்குள்ள தீர்வு கண்டுபிடிச்சாங்க. பில் வராத இடம் தாத்தா கிணறு. அதனால சுற்றுச்சூழல் விதி வந்தா தொழில் போயிடும்னு யாராவது சொன்னா, 1973-ஐயும் 1989-ஐயும் ஞாபகப்படுத்துங்க. சின்ன ஷாப்புகள் அப்ப மூடினதையும் சேர்த்தே சொல்லுங்க. விதி போடறவங்க, மாறறதுக்கான பணத்தையும் நேரத்தையும் சின்னவங்களுக்குக் கொடுக்கணும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தி கம்பெனியிலிருந்து வந்து, 20 லிட்டர் கேன்ல இருந்து தண்ணி பிடிச்சுக் கொடுத்தாங்க. ஒரு கேன் எவ்வளவு சித்தின்னு கேட்டேன். "முப்பது ரூபா. சம்பளத்துல மாசாமாசம் தண்ணிக்குன்னே எடுத்து வச்சிடுவேன்"னாங்க. கிணறு இன்னும் கொல்லையிலதான் இருக்கு, மேல தகரம் போட்டு மூடியிருக்கு.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம், மக்களே. உங்க ஊர்த் தொழில் பத்தி எழுதுங்க. அதோட பில் யாருக்குப் போகுதுங்கிறதையும் சேர்த்து எழுதுங்க.