மானிடவியலாளர் எந்தத் தெருவில் தங்கினார்?



ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் இன்று மானிடவியல், சமூகவியல் படிக்கிறார்கள். பண்பாடு, அகமணம், களஆய்வு, பங்கேற்று அவதானித்தல் என்று முதல் பருவத்திலேயே சில சொற்கள் அவர்களுக்கு அறிமுகமாகின்றன. வரையறையை எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்தச் சொற்கள் பிறந்தபோது நாம் எங்கே நிறுத்தப்பட்டிருந்தோம் என்பது வினாத்தாளில் வருவதில்லை.

சென்னையில் இந்தத் துறை அளவுகோலோடு வந்தது. 1885இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் ஏற ஏறச் சாதி இறங்கும் என்றார் ரிஸ்லி. கருவி ஒருவர் கையில், மூக்கு இன்னொருவருடையது.

1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். அவர் அம்பேத்கர். சாதியின் உயிர் மூக்கிலும் இல்லை, தொழிலிலும் இல்லை, தீட்டிலும் இல்லை, அகமணத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். ஒரு குழு தன் பெண்களையும் ஆண்களையும் வெளியே மணமுடிக்காமல் கதவடைத்துக்கொள்வதால்தான் சாதி உண்டாகிறது. விதவையை எரிப்பது, விதவையாகவே முடக்கிவைப்பது, சிறுமிக்குத் திருமணம் செய்வது எல்லாம் அந்தக் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்கள் என்று அவர் விளக்கினார். நம் பாடப்புத்தகங்களில் அகமணம் இரண்டு வரி வரையறையாக நிற்கிறது. அம்பேத்கர் கையில் அது குற்றத்தின் துப்பு. 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அவர் அந்த மூக்களவு அட்டவணைகளையே எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்பதை அவை காட்டவில்லை என்று நிறுவினார். அளந்தவர்களின் கருவி அளந்தவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

அதற்குள் மானிடவியல் மாறியிருந்தது. டிரோபிரியாண்டு தீவுகளில் மக்கள் நடுவே கூடாரம் போட்டுத் தங்கிய மாலினோவ்ஸ்கியின் நூல் 1922இல் வந்தபின், மக்களோடு வாழ்ந்து அவர்கள் பார்வையிலிருந்து எழுதுவதே களஆய்வு என்றானது. நல்ல முறைதான். ஆனால் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் நாட்டில் 'மக்களோடு' என்றால் எந்த மக்களோடு?

1961-62இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தை ஆய்ந்த ஆந்த்ரே பெத்தேயி, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். அதனால் ஊரார் தன்னை அந்தப் பக்கத்து ஆளாகவே பார்த்தார்கள், சேரிக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவர் நூலிலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அப்படி எழுதாமல் விட்டவர்கள்தான் அதிகம். தூய்மையும் தீட்டும்தான் சாதியின் அடிப்படைத் தத்துவம் என்று லூயி துய்மோன் 1966இல் எழுதியதை உலகமே பாடமாக்கியது. 1974இல், செங்கல்பட்டு மாவட்டத்தில் களஆய்வு செய்த ஜோன் மென்சர், இதைத் தலைகீழாக்கிக் கீழேயிருந்து பாருங்கள் என்றார். கீழேயிருந்து பார்த்தால் தெரிவது தத்துவம் அல்ல, உழைப்புச் சுரண்டல் என்றார்.

அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் பழவேற்காடும் இருந்தது. எண்ணூரிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே வடக்கே போனால் அந்த ஏரி வரும். அங்கே 'பாடு' என்றொரு முறை உண்டு. வலை போடும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி மீன் தருவதில்லை. அதனால் சீட்டுப் போட்டு, இன்று இவருக்கு இந்த இடம், நாளை வேறு இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். சண்டை இல்லை, ஏரியும் தாங்குகிறது. அரசும் சந்தையும் தலையிடாமல் மக்களே பொதுவளத்தைக் காக்கும் முறை என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? பரம்பரைப் பாடு உரிமை குறிப்பிட்ட குப்பங்களின் பட்டினவர் ஆண்களுக்கு. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித்துகளுக்கும் இருளருக்கும் அது இல்லை. பட்டினவர் வீட்டுப் பெண்களுக்கும் இல்லை. குப்பத்துத் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பாடு என்பது பங்கீடு. கரையில் நிற்பவரைக் கேட்டால் அது வேலி. இரண்டையும் எழுதாத களஆய்வு பாதி ஏரியைத்தான் பார்த்திருக்கிறது.

பட்டினவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையமும் அவர்களையும் சேர்த்துத்தான் விழுங்குகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, நினைவிருக்கும். அது சாதி பார்க்கவில்லை. நிவாரணப் பட்டியல் என்று வந்தால் மட்டும் 'மீனவர் யார்' என்ற மானிடவியல் கேள்வி எழுந்துவிடுகிறது. மீனவர் என்பது சாதியா, தொழிலா?

நம் மாணவர்கள் கேள்வித்தாளோடு இந்தக் கழிமுகத்துக்குப் போவார்கள். படகு யார் பேரில், வலை எத்தனை என்று அதில் அச்சிட்டிருக்கும். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போடும் இருளர் பெண்ணிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. வாயில் பறி இருக்கும்வரை அவரால் பதில் சொல்லவும் முடியாது. அவர் கரையேறும்வரை காத்திருக்க வேண்டும்.