இந்திய ரிசர்வ் வங்கி கிரேடு பி அதிகாரி தேர்வு

இந்திய ரிசர்வ் வங்கி கிரேடு பி அதிகாரி தேர்வு என்பது இந்தியாவின் நடுவண் வங்கியும் வங்கித்துறை ஒழுங்குமுறை அமைப்புமான இந்திய ரிசர்வ் வங்கி, தன் அதிகாரிகளை நேரடியாகத் தெரிவு செய்ய நடத்தும் அனைத்திந்தியப் போட்டித் தேர்வு ஆகும். மும்பையில் அமைந்துள்ள இந்திய ரிசர்வ் வங்கிப் பணிகள் வாரியம் இதனை நடத்துகின்றது. ஒன்றியத் தேர்வாணையத்துக்கோ தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கோ இதில் பங்கு இல்லை.

பின்னணி

1934 ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட இவ்வங்கி, 1949 சனவரி 1 அன்று நாட்டுடைமையாக்கப்பட்டது. பணத்தாள் வெளியிடுதல், வங்கிகளையும் வங்கிசாரா நிதி நிறுவனங்களையும் மேற்பார்வை செய்தல், அன்னியச் செலாவணி மேலாண்மை ஆகியன இதன் முதன்மைப் பணிகள். இப்பணிகளைச் செய்யும் அதிகாரிகளில் பலர் கிரேடு பி நிலையில் சேர்கின்றனர்.

பொது, பொருளியல் மற்றும் கொள்கை ஆய்வு, புள்ளியியல் மற்றும் தகவல் மேலாண்மை என மூன்று பிரிவுகளுக்கு ஆட்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். கீழே தரப்படுவன பொதுப் பிரிவுக்கு உரியவை.

பணியிடங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெரிதும் மாறுபடும். மூன்று பிரிவுகளும் சேர்ந்து 2022 இல் 294, 2023 இல் 291, 2024 இல் 94, 2025 இல் 120 இடங்கள் அறிவிக்கப்பட்டன.

தகுதிகள்

* கல்வி: ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் 60 விழுக்காடு மதிப்பெண்களுடன், அல்லது முதுநிலைப் பட்டம் 55 விழுக்காடு மதிப்பெண்களுடன். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இளநிலையில் 50 விழுக்காடும், முதுநிலையில் தேர்ச்சியும் போதும்.
* வயது: 21 முதல் 30 வரை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டுகளும், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 3 ஆண்டுகளும் தளர்வு உண்டு. ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றோருக்கு உச்ச வயது 32, முனைவர் பட்டம் பெற்றோருக்கு 34.
* வாய்ப்புகள்: பொதுப் பிரிவினர் முதற்கட்டத் தேர்வை ஆறு முறை மட்டுமே எழுதலாம்.

மதிப்பெண் விழுக்காட்டை முழுமையாக்கிக் கொள்ள இயலாது. 59.99 விழுக்காடு 60 ஆகக் கருதப்படுவதில்லை. தரப்புள்ளி முறையில் பயின்றோருக்குப் பல்கலைக்கழகத்தின் மாற்று முறை இருப்பின் அதுவே ஏற்கப்படும். இல்லையெனில் பத்துப் புள்ளி அளவில் 6.75 என்பது 60 விழுக்காடாகக் கொள்ளப்படுகின்றது.

தேர்வு முறை

முதற்கட்டம்: 200 மதிப்பெண்களுக்கு 120 நிமிடங்களில் கணினி வழியே நடைபெறும் கொள்குறி வகைத் தேர்வு. பொது அறிவு 80, பகுத்தறிதல் 60, ஆங்கிலம் 30, கணிதத் திறன் 30 வினாக்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேர வரம்பு உண்டு. தவறான விடைக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும்.

இரண்டாம் கட்டம்: தலா 100 மதிப்பெண்கள் கொண்ட மூன்று தாள்கள்.
* தாள் 1 – பொருளியல் மற்றும் சமூகச் சிக்கல்கள்
* தாள் 2 – ஆங்கில எழுத்துத் திறன்
* தாள் 3 – நிதி மற்றும் மேலாண்மை

முதல், மூன்றாம் தாள்களில் பாதி மதிப்பெண்கள் கொள்குறி வகைக்கும் பாதி விரித்தெழுதும் விடைகளுக்கும் உரியவை.

நேர்முகத் தேர்வு: 75 மதிப்பெண்கள். இதற்கு முன் ஓர் உளவியல் தேர்வு நடைபெறும். அதற்கு மதிப்பெண் இல்லை.

இறுதித் தரவரிசை இரண்டாம் கட்டத்தையும் நேர்முகத்தையும் கூட்டி 375 மதிப்பெண்களுக்குக் கணக்கிடப்படுகின்றது. முதற்கட்ட மதிப்பெண்கள் இதில் சேர்வதில்லை. ஆகவே முதற்கட்டம் வடிகட்டி மட்டுமே. பணி கிடைப்பதை முடிவு செய்வது பெரும்பாலும் எழுத்துத் திறனே.

மொழி

ஆங்கிலத் தாள் நீங்கலாக ஏனைய வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைகின்றன. விரித்தெழுதும் விடைகளையும் நேர்முகத்தையும் இவ்விரு மொழிகளுள் ஒன்றில் மேற்கொள்ளலாம். தமிழுக்கு இடமில்லை. இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத முடியும் என்பதும், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வுகளைத் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளில் நடத்த 2021 இல் நிதியமைச்சகம் பரிந்துரைத்தது என்பதும் இங்கு ஒப்பிடத்தக்கவை. தமிழ் வழியில் பயின்றவர், இந்தி அறிந்திராவிடில், ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியுள்ளது.

விடைகள் கையால் எழுதப்படுவதில்லை. விசைப்பலகையில் தட்டச்சு செய்யப்படுகின்றன. இதனால் தட்டச்சு வேகமும் மதிப்பெண்ணைப் பாதிக்கின்றது. தமிழகச் சிறுநகரங்களின் தட்டச்சுப் பயிலகங்களில் ஆங்கிலத் தட்டச்சு கற்றோருக்கு இது ஓரளவு துணையாகும்.

இட ஒதுக்கீடும் சான்றிதழும்

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இத்தேர்வுக்குப் பொருந்தாது. ஒன்றிய அரசின் பகுப்பே பின்பற்றப்படுகின்றது. மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் எனத் தனித்தனியே உள்ளோர், ஒன்றியப் பட்டியலிலும் தம் சாதி இடம்பெற்றிருந்தால், 'பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்' என்ற ஒரே பிரிவில் அடங்குவர். மாநிலப் பட்டியலில் மட்டும் உள்ள சாதியினர் பொதுப் பிரிவினராகவே கருதப்படுவர்.

பள்ளிக் காலத்தில் பெற்ற நிரந்தரச் சாதிச் சான்றிதழ் இதற்குப் போதாது. வளமான பிரிவைச் சேராதவர் என்பதைக் காட்டும் தனிச் சான்றிதழ், ஒன்றிய அரசு வகுத்த படிவத்தில், அறிவிக்கை குறிப்பிடும் காலத்திற்கு உரியதாக இருத்தல் வேண்டும். இதனை வட்டாட்சியர் வழங்குகின்றார். இ-சேவை மையம் வழியே விண்ணப்பிக்கலாம். உரிய சான்றிதழ் இல்லாவிடில் தேர்ச்சி பெற்ற பின்னரும் தெரிவு நீக்கப்படலாம்.

வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய். இதனைக் கணக்கிடும்போது பெற்றோரின் ஊதியமும் வேளாண் நில வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. பெற்றோரின் பதவி நிலை தனியே பார்க்கப்படும். நில உடைமைக்கும் தனி விதி உண்டு: பாசன நிலம் உச்சவரம்பில் 85 விழுக்காட்டை எட்டினால் சலுகை கிடையாது; முற்றிலும் மானாவாரி நிலம் மட்டுமே உடைய குடும்பத்திற்கு இவ்விலக்கு பொருந்தாது. விருதுநகர் மாவட்டத்தின் பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மழையை நம்பிய கரிசல் வட்டாரங்களுக்கு இவ்விதி மிகவும் இன்றியமையாதது. அங்கு ஏக்கர் கணக்கில் நிலம் உள்ளது என்பதாலேயே ஒரு விவசாயியின் பிள்ளை வளமான பிரிவில் சேர்வதில்லை.

விண்ணப்பமும் பயிற்சியும்

விண்ணப்பம் இணையவழி மட்டுமே ஏற்கப்படும். 2025 அறிவிக்கையின்படி கட்டணம் 850 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 100 ரூபாய். இவற்றுடன் சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ரிசர்வ் வங்கி கட்டணமின்றி இணையவழி முன்தேர்வுப் பயிற்சி அளிக்கின்றது. நகரப் பயிற்சி மையங்களுக்குச் செல்ல இயலாத சிற்றூர் மாணவருக்கு இது பெரிதும் பயன்படும்.

பணி நிலை

2025 அறிவிக்கையின்படி தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 78,450 ரூபாய். தகுதிகாண் காலம் இரண்டு ஆண்டுகள். இந்தியாவின் எப்பகுதிக்கும் இடமாற்றம் செய்யப்படலாம். வங்கிக்குள்ளேயே படிப்படியாக உயர்ந்து துணை ஆளுநர் ஆனோரும் உளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற ஆர். காந்தி, 1980 இல் ரிசர்வ் வங்கியில் சேர்ந்து, 2014 முதல் 2017 வரை துணை ஆளுநராக இருந்தார்.

இவற்றையும் பார்க்கவும்

* இந்திய ரிசர்வ் வங்கி
* இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம்
* பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்
* விருதுநகர் மாவட்டம்