திருகோணமலைத் தமிழ்ப் புனைகதையில் பெண்ணின் மறுவாழ்வு

ஓர் இலக்கியம் தோன்றிய சமுதாயத்தின் இயல்பை அறிய விரும்புவோர், அவ்விலக்கியம் வீழ்ந்த பெண்ணுக்கு எத்தகைய முடிவை வழங்குகின்றது என்பதை நோக்குதல் பயனுடைத்து. வீழ்ந்தவள் என்னும் சொல் இங்கு ஒழுக்கம் தவறியவளை மட்டும் குறிப்பதன்று. கணவனை இழந்தவள், பழி சுமத்தப்பட்டவள், மனம் ஒவ்வாத மணத்தில் அகப்பட்டவள், வீடிழந்து ஊரிழந்து நின்றவள் ஆகிய அனைவரையும் அது உள்ளடக்கும். இவர்களுக்கு மீண்டும் ஒரு வாழ்வு உண்டா, உண்டெனில் அதை வழங்குபவர் யார் என்னும் வினாக்கள் தமிழிலக்கியத்தில் நெடுங்காலமாக எழுந்துவந்துள்ளன. கொட்டியாரக் குடாவை அண்டிய திருகோணமலையின் புனைகதை வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்குச் சிறப்பாக உதவுகின்றது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளுள் இரண்டு இவ்வூரவரின் ஆக்கங்களாகும். விடுதலைக்குப் பிந்திய காலத்தில் பரந்த வாசகர் கூட்டத்தைப் பெற்ற பெண் நாவலாசிரியர் ஒருவரும் இவ்வூரவரே.

பழைய மரபு

சங்கச் சான்றோர் காட்டும் கைம்மை வாழ்வு கடுமையானது. கைம்மை நோன்பினும் ஈமத் தீயே இனிதெனத் துணிந்த பூதப்பாண்டியன் தேவியைப் புறநானூறு நமக்கு அறிமுகப்படுத்துகின்றது. அவள் முன் இருந்த வழிகள் இரண்டு: தீப்புகுதல், அல்லது உயிரோடிருந்தே வாழ்வைத் துறத்தல். காப்பிய காலத்தில் மூன்றாவது வழியொன்று திறக்கின்றது. கோவலன் இறந்த பின் மாதவி தன் குலத்தொழிலை விடுத்து அறவழி சேர்கின்றாள். அவள் மகள் மணிமேகலை அரசகுமாரனின் விருப்பை மறுத்து, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி போக்குகின்றாள். பிறர் தனக்கு வகுத்துவைத்த வாழ்வை மறுத்துத் தானே வேறொன்றைத் தொடங்கிய பெண்ணின் கதை என்ற வகையில் மணிமேகலை தனித்துவமானது. எனினும் அம்மறுவாழ்வு துறவின் வழியாகவே கிடைத்தது. இல்லறத்தினுள் நின்றுகொண்டே ஒரு பெண் தன் வாழ்வை மீளத் தொடங்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெறுவதற்கு நாவல் என்னும் புதிய வடிவம் வரவேண்டியிருந்தது.

துறைமுக நகரின் தொடக்க நாவல்கள்

தமிழின் முதல் நாவலெனக் கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறிய 1879ஆம் ஆண்டிலேயே நோர்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' வெளிவந்தது. அந்நாடகத்தின் தலைவி நோறா, கணவனின் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகின்றாள். ஐரோப்பாவையே அதிரச் செய்த அக்கதவடைப்பு தமிழ் வாசகரின் காதில் விழுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. ஆயினும் பெண்ணின் நிலை பற்றிய சிந்தனை இங்கும் கருக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இடமளித்தது. சட்டம் அளித்ததைச் சமுதாயம் அளிக்கவில்லை. அந்த இடைவெளியிலேயே நாவலாசிரியர் தமக்குரிய பொருளைக் கண்டனர்.

ஈழத்தில் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அடுத்து 1891இல் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். இஃது ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிவந்த இரட்டைச் சகோதரர் கதையின் தழுவலாகும். ஐரோப்பியக் கதையில் சக்கரவர்த்தியின் மனைவிமீது பொய்யான பழியொன்று சுமத்தப்படுகின்றது. சூலுற்ற நிலையில் நாடு கடத்தப்படும் அவள் காட்டில் இரட்டைப் பிள்ளைகளை ஈன்று அவர்களைப் பிரிகின்றாள். ஒருவனைக் கரடி எடுத்துச் சென்று வளர்க்கின்றது. மற்றவன் அரசவையில் வளர்கின்றான். வீரச் செயல்கள் பலவற்றின் பின் மைந்தர் ஒருவரையொருவர் அறிகின்றனர். தாயின் குற்றமின்மையும் வெளிப்படுகின்றது.

இக்கதையை ஆய்வாளர் பெரும்பாலும் வீரசாகசக் கதையாகவே மதிப்பிட்டுள்ளனர். அதன் அடித்தளத்தில் இருப்பதோ பழிசுமந்த பெண்ணொருத்தியின் மீட்சி. கண்ணகியின் கதையையும் நல்லதங்காள் கதையையும் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு, பழியுற்ற பெண் உயிரோடு மீண்டு வந்து வாழ்வு பெறும் முடிவு ஆறுதலாகவே இருந்திருக்கும். ஆனால் அவளது மறுவாழ்வு அவள் குற்றமற்றவள் என்பதில் தங்கியிருக்கின்றது. அதனை நிலைநாட்டுவோரும் பிறரே. குற்றம் இழைத்த பெண்ணுக்கு அக்கதையுலகில் இடமில்லை.

அடுத்த ஆண்டிலேயே வேறொரு குரல் கேட்கின்றது. திருகோணமலையிற் பிறந்து சென்னை சென்று, அங்கு கீழைத்தேயச் சுவடி நூலகத்திற் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். கிளியைத் தூதுவிடும் மரபு தமிழுக்குப் புதியதன்று. அம்மரபு வடிவத்தினுள் பெண்கல்வியையும், பெண்ணின் அடிமை நிலையையும், மனப்பொருத்தமற்ற மணத்தின் கொடுமையையும் வைத்துப் பேசியமையே புதுமையாகும். பாரதியின் பெண்விடுதலைப் பாடல்கள் தோன்றுவதற்கு ஒரு தசாப்தத்துக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்னர் இந்நூல் வெளிவந்துவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பெண் வீழ்ந்த பின் அவளை மீட்பது எவ்வாறு என்பதன்று, அவளை வீழ்த்தும் ஏற்பாட்டையே மாற்றுவது எவ்வாறு என்பதே சரவணமுத்துப்பிள்ளையின் கவலையாக இருந்தது.

அவர் 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவலெனப் பலராலும் போற்றப்படுவது. மதுரை நாயக்க மன்னன் சொக்கநாதனையும் தஞ்சை நாயக்க அரசகுமாரி மோகனாங்கியையும் சுற்றி அக்கதை அமைகின்றது. வரலாறு இவ்விரு குலங்களைப் பற்றிக் கூறுவது துயரமானது. சொக்கநாதனின் படையெடுப்பின்போது, 1673இல், தஞ்சை மன்னன் விசயராகவன் போரில் மடிந்தான். அந்தப்புரப் பெண்டிர் வெடிமருந்துக்கு இரையாக்கப்பட்டனர் என வரலாற்று மரபுரைகள் கூறும். பகைவர் கையிற் சிக்காதிருக்க அவர்களது சாவை முடிவு செய்தவன் மன்னனே என்பதும் அவற்றின் கூற்று. அத்தகைய அரண்மனையிலிருந்து ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்து, அவளுக்கு மனமும் விருப்பமும் காதலும் தந்து கதையின் தலைவியாக்கியமை தற்செயலானதாகத் தோன்றவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்யுளில் தாம் வாதாடியதையே ஆசிரியர் இங்கு உரைநடையில் உருவகித்தார் எனலாம்.

இரு தலைவியர்

இதே காலப்பகுதியில் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் எழுந்த இரு நாவல்களோடு ஒப்பிடும்போது இவ்வினா மேலும் தெளிவாகும். அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' 1903இல் நூலுருப் பெற்றது. இளமையிலேயே கைம்மை எய்திய பிராமணப் பெண் தன் கதையைத் தானே கூறும் முறையில் அமைந்த இந்நாவல், அவளது மறுமணத்தை நியாயப்படுத்துகின்றது. 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்', ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவலெனக் கருதப்படுவது. அதன் தலைவி கண்மணி கணவனின் கொடுமையைப் பொறுமையோடு தாங்கி நலிகின்றாள். அவள் தோழி பொன்மணியோ தன் விருப்புக்கேற்ற மணவாழ்வைத் தேடிக்கொள்கின்றாள்.

ஆண் எழுத்தாளர் தம் தலைவிக்குப் புதுவாழ்வு அளிக்க, பெண் எழுத்தாளர் தம் தலைவியை நொறுங்கவிட்டது முரணாகத் தோன்றலாம். மாதவையா சீர்திருத்தவாதியாக நின்று, வரவேண்டிய உலகத்தை எழுதினார். மங்களநாயகம் தம்பையா தாம் கண்ட உலகத்தை எழுதினார். வரவேண்டிய உலகத்தைத் தோழியின் கதையாக அருகில் வைத்தார். கண்மணியையும் பொன்மணியையும் ஒருசேர நோக்கும்போதுதான், பொறுமையே பெண்ணுக்கு அணியென்ற போதனையின் உள்ளே அதற்கெதிரான ஐயமும் ஒலிப்பதை வாசகர் உணர்வர்.

வாசகியரின் தோற்றம்

திருகோணமலையில் இத்தொடக்க முயற்சிகளின் பின் நாவல்துறையில் நீண்ட தளர்ச்சி காணப்படுகின்றது. ஆயினும் அவ்விடைக்காலத்தில் நாவலுக்கு இன்றியமையாத ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அது கற்ற பெண்களின் கூட்டம். கிறித்தவத் திருச்சபையினர் நடத்திய பாடசாலைகளோடு, 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை நிறுவிய சண்முக வித்தியாலயமும் சேர்ந்துகொண்டது. 'தத்தைவிடு தூது' வேண்டி நின்ற பெண்கல்வி, முப்பது ஆண்டுகளின் பின் அதே ஊரில் ஒரு பெண்ணின் முயற்சியால் நிறுவனமாக நிலைபெற்றது. அப்பாடசாலைகளிற் கற்றவர்களும், அவர்களால் எழுத்தறிவு பெற்றவர்களுமே பிற்காலத்தில் நாவலைத் தேடி வாசித்த வாசகியராயினர்.

ந. பாலேஸ்வரியின் நாவல்கள்

இக்கூட்டத்திலிருந்து தோன்றியவரே ந. பாலேஸ்வரி (1929 - 2014). ஆசிரியப் பணியாற்றிய இவரது முதற் சிறுகதை 'வாழ்வளித்த தெய்வம்' 1957இல் தினகரனில் வெளியாயிற்று. பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்ததும் அதே ஆண்டிலாகும். தளத்தைச் சார்ந்து சம்பளம் பெற்று வாழ்ந்த குடும்பங்கள் பல, தம் வாழ்வை வேறு வகையில் அமைத்துக்கொள்ள நேர்ந்த காலம் அது.

இவரது முதல் நாவல் 'சுடர்விளக்கு' 1966இல் நூலாயிற்று. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அவற்றின் தொடர்கதைகளில் மூழ்கியிருந்த ஈழத்து வாசகருக்கு உள்ளூர் நாவல்களை வழங்க வீரகேசரி நிறுவனம் முன்வந்தது. அவ்வரிசையில் இவரது 'பூஜைக்கு வந்த மலர்', 'உறவுக்கப்பால்' ஆகியன வெளிவந்தன. பின்னர் 'உள்ளக்கோயில்', 'பிராயச்சித்தம்', 'மாது என்னை மன்னித்துவிடு' முதலிய நாவல்களும் வெளிவந்தன. சரவணமுத்துப்பிள்ளையின் நூற்பெயரான 'தத்தைவிடு தூது' என்பதையே இவர் தம் நாவலொன்றுக்கும் சூட்டினார்.

காதல், குடும்பம், தியாகம் என்பனவே இவரது கதைகளின் களம். கைலாசபதி, சிவத்தம்பி முதலிய திறனாய்வாளரின் வழியில் நாவலைச் சமுதாய முரண்பாடுகளின் வெளிப்பாடாகக் கண்டோருக்கு இத்தகைய எழுத்து நிறைவளிக்கவில்லை. குடும்பக் கதை, பொழுதுபோக்கு என்னும் முத்திரையோடு அது ஒதுக்கப்படலாயிற்று. அம்மதிப்பீட்டில் உண்மை இல்லாமலில்லை. வர்க்கமும் சாதியும் நிலமும் இன ஒடுக்குமுறையும் ஈழத்து நாவலின் மையப்பொருள்களாக எழுந்த காலத்தில், குடும்பத்தின் நான்கு சுவர்களுக்குள் நின்ற எழுத்து காலத்தோடு முற்றாக ஒட்டவில்லை என்பது ஏற்கவேண்டியதே.

எனினும் அம்மதிப்பீடு ஒன்றைக் காணத் தவறியது. பிராயச்சித்தம், மன்னிப்பு, வாழ்வளித்தல் என இவரது தலைப்புகளிலேயே திரும்பத் திரும்ப வரும் சொற்கள், தவறிய வாழ்வு திருத்தப்படலாம் என்னும் ஒரே நம்பிக்கையைச் சுட்டுகின்றன. ஊசோன் பாலந்தையின் உலகில் குற்றமற்றவளுக்கே மீட்சி உண்டு. பிராயச்சித்தமோ குற்றம் நிகழ்ந்துவிட்டதை ஒப்புக்கொண்ட பின்னரே பிறக்கும் எண்ணம். குற்றமின்மையிலிருந்து மன்னிப்பு வரையிலான இந்நகர்வு சிறியதன்று. ஒரு தவறுடன், அல்லது ஓர் இழப்புடன், தன் கதை முடிந்துவிட்டதென அஞ்சிய வாசகிக்கு அது முடியவில்லை எனக் கூறும் நூல், சந்தையையும் அடுக்களையையும் கடந்து அவள் கைக்கு எட்டியது. பெருந்திறனாய்வு நூல்கள் அங்கு சென்றடையவில்லை.

அதே வேளை இந்நம்பிக்கையின் எல்லையையும் குறிப்பிடுதல் நேர்மையாகும். மன்னிப்பு என்பது மன்னிக்கும் ஒருவரை வேண்டி நிற்பது. தெய்வமோ குடும்பமோ கணவனோ மனமிரங்கினாலன்றி அத்தகைய மறுவாழ்வு கைகூடாது. 1892இல் சரவணமுத்துப்பிள்ளை கேட்டது இரக்கத்தையன்று, உரிமையை. காலத்தால் முந்திய நூல் கருத்தால் முன்னே நிற்பது இலக்கிய வரலாற்றில் அரிதாயினும் புதிதன்று.

புனைகதைக்கு அப்பால்

1980களிலும் 1990இலும் நிகழ்ந்த வன்செயல்களும் இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும், 2006இல் மூதூர்க் கிழக்கிலும் சம்பூரிலும் மூண்ட போரும் திருகோணமலைப் பெண்களைப் புனைகதை எண்ணிப்பாராத தொடக்கங்களுக்குத் தள்ளின. கணவனை இழந்தும், மகனைக் காணாமற்போகக் கொடுத்தும், முகாம்களில் அடுப்பு மூட்டியும் வாழ்ந்தவர்கள் பலர். சம்பூர் மக்கள் தம் மண்ணில் மீளக்குடியமர்வதற்கு 2015, 2016ஆம் ஆண்டுகள் வரை காத்திருந்தனர். காடாகிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கிக் கிணற்றை இறைத்த அப்பெண்கள் எக்குற்றமும் இழைத்தவரல்லர். எவரது மன்னிப்பும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டவை நிலமும், தொழிலும், காணாமற்போனோர் பற்றிய உண்மையுமே.

பழியிலிருந்து மீட்சி, தெரிவுக்கான உரிமை, தவற்றுக்கு மன்னிப்பு என்பவற்றைத் திருகோணமலைப் புனைவுலகம் ஏற்கெனவே எழுதிப் பார்த்துள்ளது. இழப்பின் பின் எவரது இரக்கத்தையும் எதிர்பாராது தானே தொடங்கும் பெண்ணின் கதை, இம்மூன்றையும் அடுத்து வரவேண்டியதாகும். அதனை எழுதப்போகும் எழுத்தாளருக்கு இன்னாசித்தம்பியும் சரவணமுத்துப்பிள்ளையும் பாலேஸ்வரியும் முன்னோராவர். அவர்களை வாசியாது அவர்களைக் கடந்துவிட முடியாது. பழைய பிரதிகள் அரிதாகிவரும் இந்நாளில் அந்நூல்களைத் தேடிப் பேணுதலும், மறுபதிப்புச் செய்தலும், வகுப்பறையில் வைத்து விவாதித்தலும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.