பாதரசமும் பல் மருத்துவ உதவியாளர்களும்: பணி வரலாற்றைச் சான்றாகக் கொள்வது குறித்து

பல் சொத்தையை அடைக்கும் அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு போன்றவை. அது நோயாளிக்குத் தீங்கா என்ற சர்ச்சை 1840களிலேயே அமெரிக்கப் பல் மருத்துவர்களைப் பிளவுபடுத்தியது. அதைக் கலந்து கொடுத்தவர்களைப் பற்றிய ஆய்வோ வெகு காலம் கழித்தே தொடங்கியது.

நார்வேயில் சிறுவர்களின் பற்களுக்குப் பல பத்தாண்டுகள் செப்பு அமால்கம் பயன்பட்டது. அதன் வில்லையைச் சிறு கரண்டியில் வைத்து, மேற்பரப்பில் பாதரசத் துளிகள் பூக்கும்வரை சுடரில் காட்டி, பிறகு கல்வத்தில் அரைப்பது உதவியாளரின் வேலை. அவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். சூடேறிய பாதரசத்தின் ஆவிக்கு மணமில்லை, கண்ணுக்கும் தெரியாது. மூச்சில் போனதில் சுமார் 80 விழுக்காடு உடலில் தங்கும், மூளைக்குள்ளும் நுழையும்.

பின்னாளில் இவர்களில் பலர் மறதி, கவனச் சிதறல், தீராத அயர்வு என்று முறையிட்டபோது சான்று கேட்கப்பட்டது. பாதரசத்தின் உடல் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய இரண்டு மாதம். இருபது ஆண்டுக்குப் பிறகு எடுக்கும் சிறுநீரில் பழைய பாதிப்பின் தடயம் இராது. அந்த அளவு இயல்பாக இருப்பதால் பாதிப்பே நேரவில்லை என்று முடிவுகட்டுவது முறையியல் பிழை. பாதிக்கப்பட்டவருக்கு அது அநீதியும்கூட.

2008இல் வெளிவந்த பெர்கன் பல்கலைக்கழக ஆய்வு இவர்களைச் செவிலி உதவியாளர்களோடு ஒப்பிட்டது. நரம்பு சார்ந்த அறிகுறிகள் பல் மருத்துவ உதவியாளர்களிடமே மிகுந்திருந்தன. இவர்களின் நிலையை ஊடகங்கள் பெரிதாகப் பேசிய பின் கேட்டதால் நினைவு மிகைப்படுத்தும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்த மறுப்பு அறிகுறிகளைப் பொறுத்தவரை வலுவானது. வேலையைப் பொறுத்தவரை அவ்வளவு வலுவானதன்று. சுடரில் காட்டினீர்களா, காற்றோட்டம் இருந்ததா என்பவற்றை உடன் பணியாற்றியவர்களிடம் சரிபார்க்கலாம்.

பணி விவரத்தைக் கொண்டே பாதிப்பின் அளவைத் தரப்படுத்த முடியும் என்பதற்கு 1994இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு சான்று. வாரத்துக்கு 30க்கு மேல் அமால்கம் தயாரித்து, பாதரசத்தைக் கையாள்வதில் ஐந்தோ அதற்கு மேலோ குறைபாடுகள் கொண்டிருந்த பெண் உதவியாளர்களின் கருத்தரிக்கும் வாய்ப்பு, பாதரசம் படாதவர்களுடையதில் 63 விழுக்காடே. குறைவாகப் பாதரசம் பட்டவர்களின் வாய்ப்போ பாதரசம் படாதவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. இந்த முரணை மறைக்கலாகாது. குழுக்களுக்கிடையே வேறு வேறுபாடுகளும் இருந்திருக்கலாம். ஆயினும் எல்லாரையும் ஒரே சராசரியில் சேர்த்திருந்தால், மிகுதியாக ஆளானவர்களின் பாதிப்பு புலப்பட்டே இராது.

நார்வே 2008இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2025இலும் அமால்கத்தை விலக்கின. பழைய அடைப்புகளைத் துளையிட்டு அகற்றும் வேலை இன்னும் பல ஆண்டு தொடரும். அப்போதும் ஆவி எழும். எத்தனை அகற்றப்பட்டன, நீர்த்தெளிப்பும் உறிஞ்சியும் இயங்கினவா, அருகில் நின்றவர் யார் என்பதை அன்றன்றே பதிந்து, அதன் படியொன்றை உதவியாளரிடமே கொடுக்கும் கடமையைச் சட்டம் மருத்துவமனை உரிமையாளர்மீது சுமத்த வேண்டும்.