விதிநூலில் இல்லாத வசை: ஆஸ்திரேலியக் கால்பந்தின் 1993ஆம் ஆண்டுப் பருவம்

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் 1993ஆம் ஆண்டுப் பருவம் புள்ளிவிவர ஏடுகளில் எசண்டன் அணியின் பருவமாகவே பதிவாகியிருக்கிறது. 15 அணிகள், அணிக்கு 20 ஆட்டங்கள், அதன்பின் முதல் ஆறு அணிகள் மோதிய இறுதிச்சுற்று. செப்டம்பர் 25 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் எசண்டன் கார்ல்டனை 44 புள்ளிகளில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பதினெட்டு மாதங்களுக்கு முன்பு உலகக்கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதியாட்டம் நடந்த அதே மைதானம். ஆயினும் அப்பருவத்தைக் குறித்து இன்று பேசப்படுவது பெரும்பாலும் கோப்பையைப் பற்றியன்று. ஏப்ரல் மாதத்து ஆட்டமொன்று முடிந்தவுடன், வென்ற அணியின் வீரர் ஒருவர் எதிரணி ஆதரவாளர்களை நோக்கித் தம் மேற்சட்டையை உயர்த்தித் தம் தோலைச் சுட்டிக்காட்டிய ஒரு நிழற்படத்தைப் பற்றியே.

இவ்விளையாட்டு இந்தியாவில் பரவலாக அறியப்பட்டதன்று. முட்டை வடிவ மைதானத்தில் அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடுவர். முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் வைத்து மறுகையால் குத்தியும் அனுப்பலாம். நடுக்கம்பங்களின் இடையே உதைத்தால் ஆறு புள்ளிகள், பக்கக் கம்பங்களின் இடையே சென்றால் ஒன்று. 1990இல்தான் விக்டோரியக் கால்பந்து லீக் என்ற பெயர் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று மாறியது. அணிகளுள் பெரும்பாலானவை அப்போதும் மெல்பர்ன் நகரப் பேட்டைகளின் பெயர்களையே தாங்கியிருந்தன. ஆகவே அணிப்பற்று என்பது அங்கே ஊர்ப்பற்று. பேட்டைச் சண்டைக்குரிய சொற்களும் அதனோடு மைதானத்துக்குள் வந்தன.

அச்சொற்களைப் பற்றி ஆட்டத்தின் எழுதாச் சட்டம் ஒன்றே: களத்தில் பேசியது களத்தோடு போயிற்று. எதிரியை நிலைகுலையச் செய்வதற்கான எந்தச் சொல்லும் ஆட்டத் தந்திரமாகவே கொள்ளப்பட்டது. தோல் நிறத்தைப் பழிப்பதும் அதில் அடங்கும். 1980களில் நார்த் மெல்பர்ன் அணிக்கு ஆடிய தொல்குடிச் சகோதரர்கள் ஜிம், ஃபில் கிரகோவர் இருவரும் இதன் கொடுமையை நன்கறிந்தவர்கள். வசைக்குக் கையால் பதிலளித்த ஜிம் கிரகோவர் திரும்பத் திரும்ப ஒழுங்கு நடுவர் மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுத் தடை பெற்றார். விதிநூல் அடியைக் குற்றமென வரையறுத்திருந்தது. அடிக்கு முன் வந்த சொல்லுக்கு அதில் பெயரே இல்லை. பெயரில்லாத குற்றத்தை எந்த மன்றமும் விசாரிக்க இயலாது.

இச்சூழலில்தான் 1993 ஏப்ரல் 17 வருகிறது. மெல்பர்னின் அபட்ஸ்ஃபர்ட் பகுதியிலுள்ள விக்டோரியா பார்க், காலிங்வுட் அணியின் சொந்த மைதானம். வெளியணிகள் அஞ்சிய இடம். செயின்ட் கில்டா அணி 1976க்குப் பின் அங்கே வென்றதே இல்லை. அவ்வணியின் தொல்குடி வீரர்களான நிக்கி வின்மாரும் கில்பர்ட் மெக்காடமும் ஆட்டம் தொடங்குமுன்பிருந்தே கூட்டத்தின் இனவசைக்கு ஆளாயினர். இருவரும் அன்று களத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களாக விளங்கினர். மெக்காடம் ஐந்து கோல்கள் அடித்தார். செயின்ட் கில்டா 22 புள்ளிகளில் வென்றது. முடிவொலி எழுந்ததும், மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் இனத்தைச் சேர்ந்த வின்மார் அக்கூட்டத்தை நோக்கி நின்று சட்டையைத் தூக்கினார். சுட்டுவிரலை வயிற்றின்மேல் வைத்தார். தாம் கறுப்பர் என்றும் அதில் தமக்குப் பெருமையே என்றும் அவர் உரக்கக் கூறியதை அருகில் இருந்த நிழற்படக்காரர் வெய்ன் லட்பி கேட்டார். மறுநாள் அவர் எடுத்த படம் 'சண்டே ஏஜ்' இதழின் முதற்பக்கத்தில் வெளிவந்தது.

மொழியியல் நோக்கில் இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. தமிழிலக்கணம் சுட்டு என வகுத்த சொற்களுக்கு இடமும் காலமும் பேசுவோனும் தெரிந்தாலன்றிப் பொருள் இல்லை. விரலால் சுட்டுவதும் அத்தகையதே. வின்மாரின் விரல் சுட்டியது தோலையா, வயிற்றையா? ஆங்கிலத்தில் குடலைக் குறிக்கும் சொல்லே துணிவையும் குறிக்கும். அந்தச் சிலேடையைப் பற்றிக்கொண்டு, அவர் காட்டியது நிறத்தையன்று, தம் அணியின் துணிவையே என்ற விளக்கமும் உடன் எழுந்தது. இவ்விளக்கம் பல ஆண்டுகள் கழித்தும் ஊடகங்களில் ஒலித்தது. அதைப் பரப்பிய விளையாட்டு விமர்சகர்கள் 2020இல் வின்மாரிடமும் லட்பியிடமும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பேசியவரின் கூற்றும் கேட்டவரின் சான்றும் இருந்தும் ஒரு சுட்டின் பொருளை மாற்ற இவ்வளவு முயற்சி நடந்ததே அச்சுட்டின் கூர்மைக்குச் சான்று.

வசையைவிடவும் தெளிவாக அக்காலத்து மனநிலையைக் காட்டியது அடுத்து வந்த விளக்கவுரை. களத்துக்கு வெளியே வெள்ளையரைப் போல் நடந்துகொள்ளும்வரை அவர்களை எல்லோரும் மதிப்பார்கள் என்ற பொருள்படக் காலிங்வுட் தலைவர் ஆலன் மெக்கலிஸ்டர் தொலைக்காட்சியில் கூறினார். சமாதானமாகக் கருதியே சொல்லப்பட்ட சொற்கள் அவை. கூட்டத்தின் கூச்சலைக் குடிவெறி என்று ஒதுக்கிவிடலாம்; நிபந்தனையோடு கூடிய இம்மரியாதையை அப்படி ஒதுக்க இயலாது. எதிர்ப்பு வலுத்தபின் அவர் மன்னிப்புக் கோரினார். அதன் தொடர்ச்சியாக 1994 தொடக்கத்தில் டார்வினில் தொல்குடி நட்சத்திர அணியோடு காலிங்வுட் ஆடிய ஆட்டத்தில் தொல்குடி அணியே வென்றது.

நாட்டின் அரசியல் அப்போது இருந்த நிலையையும் மறத்தல் ஆகாது. ஐரோப்பியர் வருமுன் அந்நிலம் யாருக்கும் உரிமையற்றது என்ற கொள்கையை 1992 ஜூனில் மாபோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தகர்த்திருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரதமர் பால் கீட்டிங், நிலங்களைப் பறித்தவர்களும் குழந்தைகளைத் தாயரிடமிருந்து பிரித்தவர்களும் தம்மவரே என்று ரெட்ஃபர்னில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1993ஐ ஐக்கிய நாடுகள் அவை உலகத் தொல்குடியினர் ஆண்டாக அறிவித்திருந்தது. பருவம் நடந்துகொண்டிருந்த மாதங்கள் முழுவதும் நில உரிமைச் சட்டம் பற்றிய வாதம் நாடெங்கும் நிகழ்ந்தது. டிசம்பரில் அச்சட்டம் நிறைவேறியது.

அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதியும் தொல்குடி வீரர்களின் பெயர்களாலேயே ஒளிர்ந்தது. நடுவர்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் அளிக்கும் வாக்குகளால் முடிவாகும் பிரவுன்லோ பதக்கத்தை எசண்டனின் இருபது வயது கேவின் வாங்கனீன் 18 வாக்குகளோடு வென்றார். அதைப் பெற்ற முதல் தொல்குடி வீரர் அவரே. தகுதிநிலை அரையிறுதியில் இடைவேளையின்போது அடிலெய்டிடம் 42 புள்ளிகள் பின்தங்கியிருந்த எசண்டன் மீண்டெழுந்து 11 புள்ளிகளில் வென்றது. பள்ளி மாணவராயிருந்த டஸ்டின் ஃபிளெட்சர் உள்ளிட்ட இளைஞர் பலரைக் கொண்ட அணி அது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் மைக்கேல் லாங்குக்குக் கிடைத்தது. அவருடைய பெற்றோர் இருவருமே சிறுவயதில் அரசால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள்.

வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்வது பொருந்தாது. அப்பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டத்தையும் தவறவிடாத நூங்கார் வீரர் டெரிக் கிக்கெட்டை இறுதிப் போட்டி அணியிலிருந்து பயிற்சியாளர் கெவின் ஷீடி நீக்கினார். இனத்தைக் காரணமாகக் கொண்ட முடிவு அதுவென்று கொள்வதற்கில்லை. ஆயினும் கிக்கெட்டின் மனக்கசப்பு நெடுங்காலம் நீடித்தது. பதக்கங்கள் சூட்டப்பட்ட அந்த ஆண்டிலும் விதிநூல் மாறவில்லை. திறமைக்கு வாக்களிக்க நடுவருக்கு அதிகாரம் இருந்தது; வசையைக் குறித்துப் புகார் எழுத இல்லை.

அது மாற இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 1995 ஏப்ரல் 25 அன்று, அன்சாக் நினைவுநாளின் முதல் எசண்டன்-காலிங்வுட் ஆட்டத்தில், எதிரணி வீரர் டேமியன் மாங்க்ஹர்ஸ்ட் தம்மை இனவசை கூறியதாக லாங் புகாரளித்தார். களத்தோடு போகட்டும் என்று அவர் விடவில்லை. லீக் ஏற்பாடு செய்த சமரசப் பேச்சு அவருக்கு நிறைவளிக்கவும் இல்லை. அவரும் சக தொல்குடி வீரர்களும் விடாது வற்புறுத்தியதன் பயனாக, இனத்தையும் சமயத்தையும் பழித்தலைத் தடைசெய்யும் விதி 30 அவ்வாண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலிய விளையாட்டு அமைப்புகளில் இத்தகைய விதி அதுவே முதல். ஆட்டத்தின் வழக்கம் என்று அழைக்கப்பட்டது அன்றுமுதல் குற்றம் என்ற பெயர் பெற்றது.

ஆனால் அவ்விதி வீரர்களையும் அணி ஊழியர்களையுமே கட்டுப்படுத்தியது. விக்டோரியா பார்க்கில் ஏசியது கூட்டம். 2014 முதல் சிட்னி அணியின் ஆடம் குட்ஸை மைதானம் மைதானமாகக் கூட்டம் கேலியொலி எழுப்பித் துரத்தியபோது அந்த இடைவெளி வெளிப்பட்டது. இருமுறை பிரவுன்லோ பதக்கம் வென்றவர் அவர். அவ்வாண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகவும் தேர்வானவர். அவர்மீது எழுந்தது சொல்லன்று, வெறும் ஒலி. அகராதிப் பொருளற்ற ஒலியை எந்த விதியின் எந்த உட்பிரிவில் சேர்ப்பது? எல்லா ஆட்டக்காரரையும்தானே கேலி செய்கிறோம் என்று கூட்டமும் அதன் பக்கம் நின்ற ஊடகத்தாரும் வாதிட்டனர். குட்ஸ் 2015இல் ஓய்வு பெற்றார். லீக்கும் அதன் 18 அணிகளும் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2019 ஜூனில்.